நகத்தில் எந்தப் பக்கம் மேல்?

நகப்பூச்சைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். "ஒரு வாரத்துல உரிஞ்சு போயிடுமே, எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?" என்பது ஒன்று. "இத்துனூண்டு நகத்துல வரைஞ்சா யாரு பார்க்கப் போறாங்க?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. உரிந்து போவதால்தான் அடுத்ததை வரைய இடம் கிடைக்கிறது. போட்டது அப்படியே நிலைத்திருந்தால் பத்துப் படத்தோடு என் கதை முடிந்திருக்கும். இரண்டாவது கேள்விதான் லேசில் விடவில்லை. அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன், பல பேரிடம் சொல்லி மெருகேறிய பதில். என் அக்கா மகள் அதை ஒரே வரியில் காலி செய்துவிட்டாள். அங்கே போவதற்கு முன் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

எனக்கு அலங்காரத்தில் பெரிய நாட்டம் கிடையாது. தோடு மாற்றுவதற்கே சோம்பல் படுகிற ஆள். இதற்குள் நான் வந்தது ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு. அக்கா மகள் ஒரு விடுமுறைக்கு வந்து திரும்பும்போது கருநீலக் குப்பி ஒன்றை என் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். சும்மா எடுத்துக் குலுக்கினால் உள்ளே டக்டக்கென்று ஏதோ உருண்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்: குட்டிக் குட்டியாக எஃகு உருண்டைகள். அடியில் தங்கிய நிறத்தைக் கலக்கிவிடத்தான் அவை என்று தெரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. ஆனால் யோசனை அதோடு நிற்கவில்லை. நிறத்துகள் கரைப்பானைவிடக் கனமானது. அப்படியென்றால் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிற குப்பியில் அது மொத்தமும் அடியில் இறங்கியிருக்க வேண்டுமே, ஏன் இறங்கவில்லை? பித்து பிடித்தது அங்கேதான்.

காரணம் களிமண். பதப்படுத்திய ஒருவகைக் களிமண்ணைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அசையாமல் இருக்கும்போது அது பூச்சை இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். குலுக்கினாலோ பிரஷ்ஷால் இழுத்தாலோ தளர்ந்து ஓட விடும். நகத்தில் வைத்த சற்று நேரத்தில் மறுபடி இறுகி, ஓரத்தில் வழியாமல் நிற்க வைக்கும். ஒரே திரவம், குப்பிக்குள் ஒரு குணம், பிரஷ்ஷில் ஒரு குணம், நகத்தில் ஒரு குணம். இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு பொருள் உதட்டுச்சாயத்துக்கும் பவுடருக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது என்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

குப்பிக்குள் இருப்பது

கடைசியில் நகத்தோடு தங்கிவிடுகிற படலம் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பருத்தியை அமிலக் கலவையில் தோய்த்து இதைச் செய்தார். அன்றைக்கு இதன் பெருமையெல்லாம் வெடிப்பதில் இருந்தது. நைட்ரஜன் அளவைக் குறைத்துச் செய்தால் அதே சரக்கு கரைப்பானில் கரைந்து, காய்ந்ததும் பளபளவென்ற மெல்லிய தோலாகிவிடும். 1920களில் அது கார்களுக்கு வந்தது. அதுவரை ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காய வைப்பது வாரக்கணக்கில் இழுக்கிற வேலை. லேக்கர் என்ற இந்தப் பளபளப்புப் பூச்சு வந்ததும் அது மளமளவென்று முடிந்தது. காரிலிருந்து நகத்துக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1932இல் சார்ல்ஸ் ரெவ்சனும் அவருடைய சகோதரர் ஜோசப்பும் சார்ல்ஸ் லாக்மன் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து ரெவ்லான் என்ற நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயரின் நடுவே நிற்கும் 'ல்' லாக்மனுடையது. சாயத்துக்குப் பதிலாக நிறத்துகளைப் போட்டதால் அவர்களுடைய பூச்சு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியாமல் நகத்தை முழுக்க மூடியது. இன்று நாம் போடுகிற அடர்நிறங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பழைய வெடிமருந்துக் குணம் முழுக்கப் போய்விடவும் இல்லை. நெருப்புக்குப் பக்கத்தில் குப்பியைத் திறக்காமல் இருப்பது நல்லது.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆகிறது. சாதாரண நகப்பூச்சு காய்வதில் வேதிவினை எதுவும் கிடையாது. எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் காற்றில் பறந்துவிடுகின்றன, கரைந்திருந்தது நகத்தில் தங்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ரிமூவர் பட்டதும் மறுபடி கரைந்து வருகிறது. அதே காரணத்தால்தான் முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டால் அது அடியில் இருப்பதையும் இளக்கி இழுத்துக்கொண்டு வருகிறது. தடிமனாக ஒரே பூச்சாகப் போட்டால் மேல்பக்கம் முதலில் காய்ந்து, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் போர்வையின் நெசவு அச்சு அசலாக நகத்தில் பதிந்திருக்கும். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு போடச் சொல்வது இதற்குத்தான்.

ஜெல் நகப்பூச்சு வேறு ஜாதி. அது உலர்வதில்லை. அதற்கென்றே இருக்கும் விளக்கின் புற ஊதா ஒளி பட்டதும் உள்ளே இருக்கும் அக்ரிலேட்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படுகின்றன. வாரக்கணக்கில் அசையாது, உண்மைதான். ஆனால் முழுக்கக் கெட்டியாகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் அது லேசில் போகாது. ஜெல்லைக் கெட்டிப்படுத்த உதவும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. இதற்காக நான் ஜெல்லை ஒதுக்கவில்லை. என் காரணம் சின்னது: நினைத்த நேரத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு வேறொன்று வரைய முடிய வேண்டும். ஊறவைத்து, சுரண்டி, நகத்தின் மேல்படலத்தையும் சேர்த்துப் பெயர்த்து எடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

பிரஷ் பிடிக்கிற கை

நகக்கலையின் பாதி, பிரஷ்ஷில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. குப்பியின் கழுத்தில் பிரஷ்ஷின் ஒரு பக்கத்தை வழித்துவிட்டால் மறுபக்கத்தின் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டை நகத்தின் அடித்தோலுக்கு முடி அளவு தள்ளி வைக்க வேண்டும். வைத்துவிட்டு நுனியை நோக்கி உடனே இழுக்கக் கூடாது. முதலில் மெதுவாகப் பின்னால், தோல் பக்கமாகத் தள்ளினால் சொட்டு தானாகவே விரிந்து அந்த வளைவை நிரப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் நடுவில் ஓர் இழுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வோர் இழுப்பு. கடைசியாக நகத்தின் நுனி விளிம்பில் ஒரு தடவல். இந்தக் கடைசித் தடவலை விட்டுவிட்டால் விசைப்பலகையைத் தட்டித் தட்டி இரண்டே நாளில் நுனி வெளுக்கும். தோலில் பட்டதைச் சாய்வாக வெட்டிய சின்ன பிரஷ்ஷை ரிமூவரில் தொட்டு ஓட்டினால் விளிம்பு கத்தியால் நறுக்கிய மாதிரி வந்து நிற்கும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் அதுதான்.

இடது கை நகங்களை வலது கை போடும், வலது கை நகங்களை இடது கைதான் போட்டாக வேண்டும். இதைப் பெரிய சாகசமாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரஷ்ஷை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அதன் கீழே விரலைத் திருப்பினால் பாதிப் பிரச்சினை போய்விடுகிறது. ஸ்டாம்பிங் இன்னும் சுலபம். உலோகத் தகட்டில் பள்ளமாக வெட்டிய கோலத்தில் பூச்சைத் தடவி, மிச்சத்தை அட்டையால் வழித்து, சிலிக்கோன் முத்திரையால் ஒற்றியெடுத்து நகத்தில் வைப்பது. சில நொடிகளுக்குள் முடிக்காவிட்டால் தகட்டிலேயே காய்ந்துவிடும். இதில் ஓர் அழகு இருக்கிறது. தகட்டிலிருந்து முத்திரைக்கு வரும்போது படம் இடவலம் மாறுகிறது, முத்திரையிலிருந்து நகத்துக்குப் போகும்போது மறுபடி மாறி நேராகிவிடுகிறது. ஆகவே தகட்டில் எழுத்து எப்படித் தெரிகிறதோ அப்படியேதான் நகத்திலும் விழும். ஆனால் மேல் கீழ் எது என்று தகடு சொல்லாது. முத்திரையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறோமோ அதுதான். அந்த முடிவை நான் யோசிக்காமலே எடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக.

வீடெல்லாம் கவிழ்ந்த நாள்

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருந்த பதில் இது: "நான்தான் பார்க்கிறேன்." தோடும் பொட்டும் உதட்டுச்சாயமும் போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது, கண்ணாடி வேண்டும். நகம் அப்படியில்லை. தட்டச்சு செய்யும்போது, புத்தகம் புரட்டும்போது, பாத்திரம் துலக்கும்போது நாள் முழுக்க நம் கண் முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்காகவே போட்டுக்கொள்ளக்கூடிய அலங்காரம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

அந்த முறை வரைந்தது ஓர் அந்திநேரத் தெரு. அடியில் ஆரஞ்சு, மேலே போகப்போகக் கருநீலம். மூன்று நிறத்தையும் ஸ்பாஞ்சுத் துண்டில் அடுத்தடுத்துத் தடவி நகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தால் கோடு தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். அது காய்ந்தபின் மெல்லிய கோட்டு பிரஷ்ஷால் கறுப்பில் வீடுகள். ஒரு விரலுக்கு இரண்டு வீடு, ஒன்றுக்குச் சாய்ந்த கூரை, ஒன்றுக்கு மொட்டைமாடி. புள்ளி வைக்கிற டாட்டிங் டூலின் ஆகச் சிறிய முனையால் மஞ்சளில் ஜன்னல்கள். கட்டைவிரலில் மட்டும் நிலா. பத்து விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே தெருவாக வந்து நின்றது.

அக்கா மகள் வந்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "சித்தி, உன் தெருவுல வீடெல்லாம் ஏன் கவுந்து கிடக்கு?"

"கவுந்து கிடக்கல. இந்தப் பக்கம் வந்து பாரு."

சுற்றி வந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஆமா, இங்கேர்ந்து நேரா இருக்கு." திரும்பப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மறுபடி பார்த்தாள். "அப்போ நாங்க எல்லாரும் தலைகீழாத்தான் பார்க்கணுமா?"

"இது எனக்காகப் போட்டது" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவள் எதிரில் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பத்து விரலையும் விரித்து, தெரு ஒடியாமல் வரிசையாக, மேசைமேல் வைத்திருந்தேன். எனக்கு மட்டும் என்றால் அப்படி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். ஆனால் பார்ப்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும்படி வரைந்து வைத்திருந்தேன். பார் என்றும் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. நம்மையே ஏமாற்றிக்கொள்வதில் இது ஒரு நயமான வகை.

அதற்குப் பிறகு மற்றவர்கள் நகங்களை இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். பூங்கொத்து என்றால் காம்பு எந்தப் பக்கம், எழுத்து என்றால் யார் பக்கம் திரும்பி நிற்கிறது. இரண்டு கட்சியும் இருக்கிறார்கள். நுனிப் பக்கத்தை மேலாக வைப்பவர்கள் தங்களுக்காக வரைகிறவர்கள். தோல் பக்கத்தை மேலாக வைத்தால் எதிரில் இருப்பவருக்கும், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது பார்ப்பவருக்கும் நேராகத் தெரியும். பச்சை குத்துகிறவர்களிடமும் இதே தகராறு உண்டு. முன்கையில் குத்துவதற்கு வருபவர் தன் கண்ணுக்கு நேராகக் கேட்பார். கை தொங்கும்போது ஊருக்கு நேராக இருக்க வேண்டும் என்பார் குத்துகிறவர். அங்கே ஆயுசு பரியந்தம் இருக்கப்போகிற படம் என்பதால் வாதம் சூடாக நடக்கும். நகத்தில் ஒரு வாரம்தான் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை போலிருக்கிறது. புள்ளி, பட்டை, பளிங்குச் சுழி, நிறக்கலப்பு என்று நகக்கலையில் பெரும்பகுதி மேல் கீழ் இல்லாத வடிவங்களாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் கட்சிக்கு நான் நியாயங்கள் தேடாமல் இல்லை. கிடைத்த ஒன்று நகம் வளர்வதில் இருந்தது. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒவ்வொரு மாதமும் தன் இடது கட்டைவிரல் நகத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வந்து சேர எவ்வளவு நாளாகிறது என்று 35 வருடம் குறித்துவைத்தார். 32 வயதில் ஒரு நாளைக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. இதற்காக 2025இல், அவர் காலமாகிப் பல வருடங்கள் கழித்து, வேடிக்கை ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை இலக்கியப் பிரிவில் கொடுத்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நகத்தை அவ்வளவு நாள் உற்றுப் பார்த்த இன்னொரு மனிதர் இருந்தார் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். சரி, நியாயத்துக்கு வருகிறேன். நகம் வளரும்போது அடியில் வெறும் இடைவெளி விழும், நுனியில் பூச்சு தேயும். என் முறையில் வீடுகள் அடியில் இருக்கின்றன, வானம் நுனியில் இருக்கிறது. தேய்வது வானம். கருநீலத்தை ஒரு தொடு தொட்டால் சரியாகிவிடும். ஊருக்கு நேராக வரைந்திருந்தால் நுனியில் வீடு இருந்திருக்கும், இரண்டாம் நாளே அஸ்திவாரம் போயிருக்கும். கச்சிதமான வாதம். ஆனால் இது கவுந்த வீட்டுக்குப் பிறகு கண்டுபிடித்த வாதம், அதனால் அதை முழுக்க நம்ப எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த விடுமுறையில் அவள் தனக்கும் போட்டுவிடச் சொன்னாள். பூனை வேண்டுமாம், ஐந்து விரலிலும் ஐந்து பூனை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். பிரஷ்ஷைக் கையில் எடுத்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"யாருக்கு நேரா போடட்டும்? உனக்கா, பார்க்கிறவங்களுக்கா?"

"எனக்குத்தான்!" யோசிக்கவே இல்லை.

"அப்போ நாங்க எல்லாரும் தலைகீழாத்தான் பார்க்கணுமா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நான் கையைத் தூக்கிக் காட்டுவேன்ல?" என்று சொல்லிக் கையை முகத்துக்கு நேரே, புறங்கை என் பக்கம் இருக்கும்படி தூக்கிக் காட்டினாள். விரல்நுனி மேலே, அடி கீழே. எனக்கு நேராக இருந்தது.

தூக்கிக் காட்டினால் நேராகிவிடும் என்பது எனக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் தூக்கிக் காட்டுவது என்றால் 'இங்கே பாருங்கள்' என்று வாய்விட்டுச் சொல்வது. நான் விரலை விரித்து மேசைமேல் வைத்துவிட்டு யாராவது தானாகப் பார்ப்பார்களா என்று காத்திருக்கிற ஆள். அவளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. தட்டச்சுப் பலகையில் எனக்கு, தூக்கினால் உனக்கு என்று ஒரே படத்தில் இரண்டு பேரையும் முடித்துவிட்டாள்.

எதிரில் உட்கார்ந்து அவளுக்கு நேராகப் போட வேண்டுமானால் நான் தலைகீழாக வரைய வேண்டும். அவள் விரல்நுனி என் பக்கம் இருக்கிறது, ஆகவே பூனையின் காது எனக்குக் கீழே, மோவாய் எனக்கு மேலே. நகம் போடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. முகத்தை முதலில் போட்டால் வரவில்லை. இரண்டு முக்கோணத்தை முதலில் வைத்துவிட்டு அதிலிருந்து வட்டத்தை மேலே இழுத்தபோது பூனை வந்தது. மீசைக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி விரலுக்கு டாப் கோட் என்கிற மேல்பூச்சைப் போட்டு நிமிர்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். காயட்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது மோதிர விரல் பூனைக்கு இரண்டு காதும் மழுங்கி உருண்டையாகியிருந்தன. துடைத்துவிட்டு மறுபடி வரைகிறேன் என்றேன்.

"வேணாம் சித்தி. இது கரடின்னு ஏற்கனவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."